உம்மாவின் குறிப்பேடு

 

இம்மாதம் வந்த மடல்களில் ஒன்று என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்துவிட்டது. எழுதியவர் இரு பிள்ளைகளின் தாய். “2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது நாங்கள் நால்வரும் ஒரே வீட்டில் அடைபட்டுக் கிடந்தோம். கையில் காசில்லை, வெளியே செல்ல வழியில்லை. ஆயினும், அந்நாட்களில் சின்னஞ்சிறு காரியங்களில் நாங்கள் அடைந்த மகிழ்ச்சி, எல்லாம் இருக்கும் இந்நாளில் கிடைக்கவில்லை. அந்த மகிழ்ச்சி எங்கே போயிற்று? உலகமே கண்ணீர் வடித்த நேரத்தில் நான் மகிழ்ந்திருந்தேனே, அது குற்றமாகுமா?” என்று அவர் கேட்டிருக்கிறார்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிமா அல்லள். ஆனால் இவ்விரு வினாக்களுக்கும் விடை தரக்கூடிய குறிப்பேடு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சாதாரண நோட்டுப் புத்தகந்தான் அது. அதன் கதையையே இம்மாதம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

வாசல் அடைபட்டது

எங்கள் ஊர் காயல்பட்டினம். ஆண்கள் சென்னையிலும் கடல் கடந்த நாடுகளிலும் வணிகம் செய்வதும், பெண்கள் மணமான பின்னும் தாய் வீட்டிலேயே வாழ்வதும், மாப்பிள்ளை பெண் வீட்டிற்கு வந்து சேர்வதும் எங்கள் ஊர் வழக்கம். என் கணவர் சென்னையில் சிறியதொரு கடை நடத்துகிறார். எங்களது இருபத்தாறு ஆண்டு மணவாழ்வில் அவர் ஒருசேர முப்பது நாட்கள் வீட்டில் தங்கியதில்லை. நோன்பின் கடைசிப் பத்தில் வருவார். பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் பையைத் தூக்கிவிடுவார்.

2020 மார்ச் 20 அன்று உறவினர் வீட்டுத் திருமணத்திற்காக அவர் ஊருக்கு வந்தார். இரண்டே நாளில் திரும்புவதாக ஏற்பாடு. 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நாடெங்கும் மக்கள் ஊரடங்கு. இரயில்கள் நின்றன. 24-ஆம் தேதி இரவு பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார். அந்த 21 நாள் பிறகு 40 ஆயிற்று, 54 ஆயிற்று, மே 31-ஆம் தேதி முடியும்போது 68 ஆகியிருந்தது. திருமணம் தள்ளி வைக்கப்பட்டது. வந்தவர் வந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

விடுதி மூடப்பட்டதால் கல்லூரியில் படிக்கும் என் மகனும் வந்து சேர்ந்தான். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. இவர்களோடு, எழுபத்தெட்டு வயதான என் உம்மா. ஆக ஐந்து பேர். மூத்த மகன் துபாயில் இருந்தான். வானூர்திகளும் நின்றுவிட்டமையால் அவன் முகத்தைத் தொலைபேசித் திரையில் மட்டுமே கண்டோம்.

முதல் வாரம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். காலை முதல் இரவு வரை தொலைக்காட்சிச் செய்தி. எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் மரணம் என்ற கணக்கு. கடை வாடகையை எண்ணியும் இரண்டு பணியாளர்களின் சம்பளத்தை எண்ணியும் என் கணவர் கூண்டில் அடைபட்டவர்போல் நடந்துகொண்டே இருந்தார். வாசற்கதவைத் திறப்பார், வெறிச்சோடிய தெருவைப் பார்ப்பார், மூடுவார். பத்து நிமிடம் கழித்து மீண்டும் திறப்பார்.

ஆறாம் நாள், அறையில் கட்டிலில் அமர்ந்திருந்த உம்மா அவரை அழைத்தார்கள்.

“மாப்பிள்ளை, இப்படி வந்து உட்காருங்க. உங்களுக்கு ஊரடங்கு வந்து ஆறு நாள் ஆகுது. எனக்கு எட்டு வருசம் ஆச்சு. நான் என்ன செத்தா போனேன்?”

சொல்லிவிட்டு உம்மா சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. 2012-இல் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது முதல், கட்டிலிலிருந்து குளியலறைக்கும், கட்டிலிலிருந்து ஜன்னலோர நாற்காலிக்கும் வாக்கரைப் பிடித்து நடப்பதே உம்மாவின் பயணம். மருத்துவமனைக்கு அன்றி அவர்கள் வாசற்படி தாண்டியதில்லை. அதை நாங்கள் ஒருவரும் ஊரடங்கு என்று அழைத்ததில்லை. ‘வயதாகிவிட்டது’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டோம்.

“நாளை எப்படிக் கழிக்கிறீங்க மாமி?” என்று என் கணவர் கேட்டார். அதற்கு முன் அவர் உம்மாவிடம் கேட்டதெல்லாம் ‘சுகமா இருக்கீங்களா மாமி’ என்பது ஒன்றுதான்.

ஜன்னல் காட்டிய உலகம்

உம்மாவின் ஜன்னல் முடுக்கைப் பார்த்தது. முடுக்கு என்பது வீடுகளுக்கிடையே எங்கள் ஊர்ப் பெண்கள் போய்வரும் குறுகிய சந்து. எதிர்ப்புறம் பக்கத்து வீட்டு மதிலும், அதற்கு அப்பால் ஒரு வேப்பமரத்தின் பாதியும் மட்டுமே தெரியும். இந்த நான்கடி அகலத்தில் உம்மா ஓர் உலகத்தையே வைத்திருந்தார்கள் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

மதிலில் விழும் வெயில் எந்தக் கல்வரிசைக்கு இறங்கினால் ளுஹர் நெருங்கிவிட்டது என்று உம்மாவுக்குத் தெரியும். பிற்பகலில் மதில்மேல் அணில் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியும். வேம்பின் பூ உதிரும் மணத்தை வைத்தே பங்குனியா சித்திரையா என்று சொல்வார்கள். மரத்தின் உச்சியில் ஒரு காகம் கூடு கட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக் குயிலொன்று விடாமல் கூவிற்று.

“கூவுறது ஆண் குயில். அது கறுப்பா இருக்கும். உடம்பெல்லாம் புள்ளி போட்டு, பழுப்பா ஒண்ணு சத்தமில்லாம உட்கார்ந்திருக்கு பாரு, அதுதான் பெண். காக்கா அசந்த நேரத்துல அது கூட்டுல போய் முட்டை போட்டுட்டு வந்துரும்” என்று உம்மா என் மகனுக்குக் காட்டினார்கள். குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடும் என்பதை அவன் பாடநூலில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியவன். கண்ணால் கண்டது அன்றுதான். பல வாரங்கள் கழித்து, தன்னுடையதல்லாத குஞ்சின் வாயில் அந்தக் காகம் இரை ஊட்டுவதையும் அவனே முதலில் கண்டு ஓடிவந்து சொன்னான்.

வாகனங்கள் ஓடாத அந்த இரவுகளில் கடலின் ஓசை எங்கள் வீடு வரை கேட்டது. கடற்கரைக்குச் செல்வதென்றால் எங்கள் ஊராருக்கு உயிர். அதற்கு வழியில்லாமல் போனபோது கடலே எங்களைத் தேடி வந்ததுபோல் இருந்தது. “இது எப்பவும் கேக்கும். நீங்க பேச்சை நிறுத்தினாத்தானே?” என்றார்கள் உம்மா.

நகமளவு நிஃமத்

அன்று இரவு இஷாவுக்குப் பின் உம்மா ஒரு சட்டம் போட்டார்கள். படுக்கப் போகும் முன் எல்லாரும் அவர்கள் கட்டிலருகே வர வேண்டும். அன்றைய பொழுதில் அல்லாஹ் தந்த நிஃமத்தில் ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். “பெருசா ஒண்ணும் சொல்லக் கூடாது. சுண்டு விரல் நகம் அளவுக்கு இருந்தாப் போதும்” என்பதே விதி. மகள் பயன்படுத்தாத நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து எழுதத் தொடங்கினாள்.

முதல் நாள் என் மகன், “இன்றைக்கு நெட் நின்று நின்று வரவில்லை” என்றான். எல்லாரும் சிரித்தோம். உம்மா அதையும் ஏற்றுக்கொண்டார்கள். என் கணவர் மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள், “என் சட்டைக்குப் பொத்தானை நானே தைத்தேன்” என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் கண்டேன். துபாயிலிருந்த மகனும் தொலைபேசியில் தன் பங்கைச் சொன்னான்: “அறையில் நாலு பேரும் சேர்ந்து சமைத்தோம். சோறு குழையவில்லை.”

உம்மாவின் வரியை மட்டும் உம்மாவே எழுதினார்கள். தமிழ் எழுத்து அவர்களுக்கு வராது, அரபுத்தமிழ் வரும். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தால் எழுதிய முறை அது. அரபியில் இல்லாத நம் ழகரம், ளகரம் போன்ற ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துக்களோடு புள்ளியும் குறியும் சேர்த்துப் புது வடிவங்கள் செய்துகொண்டார்கள். ஒரு காலத்தில் கடல் கடந்து சென்ற கணவன்மாருக்கு நம் பெண்கள் மடல் எழுதியது இந்த எழுத்தில்தான். குர்ஆன் ஓதத் தெரிந்த என் மகளுக்கு எழுத்துக்கள் பழக்கமானவையே. “இது என்ன புள்ளி வாப்பும்மா மாதிரி மூன்று சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது?” என்று கேலி செய்துகொண்டே நாற்பது நாளில் தட்டுத் தடுமாறிப் படிக்கக் கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடம் திறந்திருந்தால் அவளுக்கு அந்த நேரம் கிடைத்திருக்குமா?

மாடிக்குச் சென்ற நாற்காலி

அவ்வாண்டு ரமளான், தமிழகத்தில் ஏப்ரல் 25 அன்று பிறந்தது. பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்தன. நோன்புக் கஞ்சிக்காகத் தமிழக அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்குவதை அறிவீர்கள். அவ்வாண்டு 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் அரிசி ஒதுக்கப்பட்டது. கூட்டம் கூடக் கூடாது என்பதால், அங்கே காய்ச்சாமல் அரிசியாகவே வீடுகளுக்குக் கொண்டு சேர்க்க ஏற்பாடாயிற்று. பெரிய அண்டாவில் பிறர் காய்ச்சியதைத் தூக்குவாளியில் வாங்கிவந்தே பழகிய நாங்கள் வீட்டில் காய்ச்சினோம். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, கடைசியில் தேங்காய்ப்பால். முதல் நாள் அடிபிடித்தது. மூன்றாம் நாள்தான் பக்குவம் வந்தது. தராவீஹை வீட்டில் என் கணவர் முன்னின்று தொழ வைத்தார். தமக்கு மனனமாக உள்ள சிறிய சூராக்களையே ஓதினார். எட்டு ஆண்டுகளுக்குப் பின் உம்மாவுக்கு ஜமாஅத் கிடைத்தது. நாற்காலியில் அமர்ந்தபடியே எங்களோடு தொழுதார்கள்.

இரண்டாம் நோன்பு திறந்த மாலை. மாடிக்குச் சென்ற என் மகன் இறங்கி ஓடிவந்தான். மேற்கு வானில் இளம்பிறைக்கு அருகே வெள்ளிக்கோள் விளக்கு ஏற்றி வைத்ததுபோல் ஒளிர்வதாகச் சொன்னான். நாங்கள் மாடிப்படி ஏறும்போது என் கணவர் நின்றார். திரும்பி உம்மாவின் அறைக்குள் சென்றார். “மாமி, நாற்காலியைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க” என்றார். அவர் ஒருபுறமும் மகன் ஒருபுறமுமாக நாற்காலியோடு உம்மாவைத் தூக்கினார்கள். குறுகலான படி. வளைவில் ஒருமுறை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டார்கள். உம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தார்கள்.

மாடியில் கண்ணைத் திறந்த உம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: “எட்டு வருசமா பிறை தெரிஞ்சிருச்சுன்னு நீங்க வந்து சொல்லுவீங்க. நானும் சரின்னு கேட்டுக்குவேன்.”

என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சகோதரிகளே! உம்மாவை மாடிக்குக் கொண்டுசெல்ல இரண்டு ஆட்களும் அரை மணி நேரமும் தேவைப்பட்டன. அவ்வளவுதான். பணம் வேண்டியிருக்கவில்லை, மருத்துவர் வேண்டியிருக்கவில்லை. எட்டு ஆண்டுகளில் எங்களிடம் அந்த அரை மணி நேரம் இல்லாமல் போயிற்று என்பதை எண்ணினால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எழுதப்பட்ட கோபம்

எல்லா நாளும் இனித்தன என்று நான் எழுதினால் அது பொய்யாகும். ஐந்து பேரும் எந்நேரமும் வீட்டில் இருந்தால் அடுப்படியில் நிற்பவளுக்கு என்ன ஓய்வு? பன்னிரண்டாம் நோன்பு இரவில் என் முறை வந்தபோது, “எனக்கு ஒன்றுமில்லை. உங்கள் எல்லாருக்கும் இது விடுமுறை. எனக்கு இரட்டை வேலை” என்று வெடித்துவிட்டேன். மகள் பேனாவை மூடப் போனாள். “இல்ல, அதை அப்படியே எழுது” என்றார்கள் உம்மா. அந்த வரி இன்றும் குறிப்பேட்டில் இருக்கிறது.

மறுநாள் அஸருக்குப் பின் என் கணவர் வெங்காயக் கூடையோடு அடுப்படி வாசலில் உட்கார்ந்தார். மகன் பாத்திரம் துலக்கினான். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கையில் குடும்பத்தாரின் வேலைகளில் துணையாக இருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்! எங்கள் வீட்டு அடுப்படிக்கு அந்தச் சுன்னத் வந்து சேர, ஓர் ஊரடங்கு வேண்டியிருந்தது. அன்றிரவு என் வரி: “இன்று வெங்காயம் நறுக்கி நான் அழவில்லை.”

ஊருக்கு வெளியே நடந்தவற்றையும் நாங்கள் மறக்கவில்லை. வேலை இழந்து, பிள்ளைகளைத் தோளில் சுமந்து, நூற்றுக்கணக்கான மைல் நடந்தே சொந்த ஊருக்குச் சென்றவர்களைத் தொலைக்காட்சியில் கண்டோம். அவர்களுக்கு ஊரடங்கு என்பது பசி. உறவினரை இழந்தவர்களுக்கு அது மையித்தின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாத துயரம். அத்துயரம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஜூன் இறுதியில், சென்னையில் முழு ஊரடங்கு மீண்டும் நடப்பிலிருந்த நாட்களில், அங்கே வசித்த என் சாச்சி, உம்மாவின் ஒரே தங்கை, மௌத்தாகிவிட்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். எங்களால் போக முடியவில்லை. வீட்டிலேயே காயிப் ஜனாஸாத் தொழுகை நிறைவேற்றினோம்.

அன்றிரவு நாங்கள் யாரும் குறிப்பேட்டை எடுக்கவில்லை. உம்மாவே கேட்டு வாங்கினார்கள். நெடுநேரம் எழுதினார்கள். பிறகு மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். “நானும் தங்கச்சியும் ஒரே பாயில் படுத்து, ஒரே போர்வையை இழுத்துச் சண்டை போட்டோம். அறுபத்தைந்து வருடத்துக்கு முந்திய அந்தப் போர்வையின் சூடு இன்று நினைவுக்கு வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.” அன்று அந்த அறையில் அழாதவர் உம்மா ஒருவர்தாம்.

கதவு திறந்த பின்

செப்டம்பர் 1 அன்று பள்ளிவாசல்கள் திறந்தன. 7-ஆம் தேதி முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லும் பேருந்துகளும் தமிழகத்திற்குள் இரயில்களும் ஓடத் தொடங்கின. அந்த வாரமே என் கணவர் சென்னைக்குப் புறப்பட்டார். மகளுக்குத் தொலைபேசியில் வகுப்புகள். மகனும் நாளடைவில் கல்லூரிக்குத் திரும்பினான். குறிப்பேட்டை ஒரு நாள் மறந்தோம், மறுநாளும் மறந்தோம், பிறகு மறந்துவிட்டோம் என்பதையே மறந்தோம். உம்மா ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலி மீண்டும் ஜன்னலோரத்திற்குப் போயிற்று.

2023 மார்ச் மாதம், ரமளான் பிறக்கப் பத்து நாட்கள் இருக்கையில், உம்மா இறையடி சேர்ந்தார்கள். நாற்பதாம் நாள் கழிந்து அவர்களுடைய மரப்பெட்டியைத் திறந்தபோது, மடித்த துப்பட்டிகளுக்கு அடியில் அந்த நோட்டு இருந்தது. நாங்கள் விட்ட பக்கத்தோடு அது நிற்கவில்லை. கடைசிப் பக்கம் வரை நிறைந்திருந்தது. எல்லாம் அரபுத்தமிழ். ஒரே கையெழுத்து. போகப் போக எழுத்து நடுங்கியிருந்தது.

எனக்கு அதைச் சரளமாகப் படிக்க வராது. பதினாறு வயதாகியிருந்த மகள் என் அருகில் அமர்ந்து படித்தாள். சிலவற்றை இங்கே தருகிறேன்.

“இன்று மாப்பிள்ளை போன் செய்து குயில் வந்ததா என்று கேட்டார்.”

“பேத்தி பள்ளிக்கூடம் போகும் முன் எட்டிப் பார்த்தாள். செருப்புப் போட்டிருந்தாள், அதனால் உள்ளே வரவில்லை.”

“இன்று கரண்ட் இல்லை. மகள் காற்றுக்காக என் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். அஸர் வரை இருந்தாள்.”

இதைப் படித்ததும் மகள் நிறுத்தி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு நாள் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. புழுக்கம் தாங்காமல் போய் உட்கார்ந்திருப்பேன். மின்விசிறி சுழலத் தொடங்கியதும் எழுந்து போயிருப்பேன். எனக்கு அது மின்தடை. உம்மாவுக்கு அது அன்றைய நிஃமத்.

இன்னும் ஒன்று. 2021 மே மாதம் இரண்டாம் அலையின்போது மீண்டும் முழு ஊரடங்கு வந்ததும், என் கணவரும் மகனும் மீண்டும் வீடு வந்து சேர்ந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும் காலந்தான். மருத்துவமனைகளில் படுக்கைக்கும் பிராணவாயுவுக்கும் மக்கள் அலைந்த கொடிய நாட்கள் அவை. அந்நாளின் வரி இது: “பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஊர் அழுகிறது. நான் சந்தோசப்பட்டுவிட்டேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். ஊரார் எல்லாருக்கும் ஷிஃபா தரட்டும்.”

இன்று உங்கள் வீட்டில்

மடல் எழுதிய சகோதரியே! உங்கள் இரண்டாம் வினாவை என் உம்மாவும் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் மகிழ்ந்தது ஊரின் துயரத்தைக் கண்டு அன்று. பிள்ளைகள் வீட்டில் இருந்ததைக் கண்டு. ஆதலால் மகிழ்ந்த கையோடு ஊருக்காகவும் துஆச் செய்தார்கள். உங்கள் மகிழ்ச்சியும் அத்தகையதே என்று நான் நம்புகிறேன். கிடைத்த நிஃமத்திற்கு ஷுக்ர் செய்வதும், கிடைக்காதவருக்காகக் கண் கலங்குவதும் ஒரே உள்ளத்தில் இருக்க இடமுண்டு.

முதல் வினாவுக்கும் குறிப்பேடே விடை சொல்கிறது. அந்த மகிழ்ச்சி எங்கும் போகவில்லை. வெயில் இன்றும் மதிலில் இறங்குகிறது. குயில் இன்றும் வருகிறது. கடல் இன்றும் ஒலிக்கிறது. அவற்றின் அருகே ஒன்றாக உட்கார்ந்திருந்த நாம்தாம் எழுந்து போய்விட்டோம். நாம் எழுந்து போன பின்னும் அங்கேயே இருப்பவர்கள் இருக்கிறார்கள். முதுமையால், நோயால், கைக்குழந்தையால், இத்தாவால், நமக்கு 68 நாட்களில் முடிந்த ஊரடங்கு இன்னும் முடியாதவர்கள் அவர்கள். நாம் அவர்களுக்காகப் பெரிய ஏற்பாடுகளை எண்ணிக்கொண்டு நாளைக் கடத்துகிறோம். அவர்களோ நாம் வெங்காயம் உரிக்கும் நேரத்தை எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.

எனவே, இம்மாதம் உங்களிடம் நான் கேட்பது மிகச் சிறியது. இன்று இஷாவுக்குப் பின், வீட்டில் உள்ளவர்கள் அனைவரும் கால் மணி நேரம் ஒரே அறையில் அமருங்கள். படுக்கையில் இருப்பவர் இருந்தால் அவர் அறையிலேயே அமருங்கள். தொலைபேசிகளை வேறு அறையில் வையுங்கள். ஒவ்வொருவரும் அன்றைய நிஃமத்தில் நகமளவு ஒன்றைச் சொல்லட்டும். சொல்ல ஒன்றுமில்லை என்று யாரேனும் கோபித்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் அதற்கு ஏதேனும் செய்யுங்கள். கீரை ஆய்வது, துணி மடிப்பது போன்ற வேலைகளை அந்த ஜன்னலோரத்திற்குக் கொண்டுபோங்கள். வாசற்படி தாண்ட இயலாதவர் உங்கள் வீட்டில் இருந்தால், இரண்டு பேரைக் கூப்பிட்டு, நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்து, ஒருநாள் மாடிக்குக் கொண்டு செல்லுங்கள். வானம் அவர்களுக்கும் உரியதே.

நாங்கள் புதிய நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறோம். உம்மாவின் கட்டில் இருந்த இடத்தில் பாய் விரித்து உட்காருகிறோம். என் கணவர் சென்னையிலிருந்து தொலைபேசியில் சொல்கிறார். மகள் எழுதுகிறாள். கடைசி வரியை அவள் அரபுத்தமிழில் எழுதுகிறாள். நேற்று அவள் எழுதியது: “வேம்பில் காகம் கூடு கட்டுகிறது.”

உங்கள் வீட்டு நகமளவு நிஃமத்துகளை எனக்கு எழுதுங்கள். மறைந்த நம் பெற்றோர் அனைவரின் பிழைகளையும் பொறுத்து, வல்ல நாயன் அவர்களின் கப்ருகளை ஒளிமயமாக்கி வைப்பானாக! ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.